ஒன்றரை மடங்கு வேகம்

"உப்பு... தண்ணீரில்... கரையும்போது..."

கேமராவுக்குப் பின்னால் நின்று கொட்டாவியை விழுங்கினேன்.

கண்ணாடி டம்ளரை மேசையில் வைப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக வைத்துக்கொண்டிருந்தார் சார்.

பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பாடங்களை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது எங்கள் பிரிவின் வேலை. மாணவர்கள் சொல்லும் குறைகளைப் பார்த்து, திருத்தி, மறுபடி பதிவுசெய்வோம்.

சாரின் வேதியியல் பாடத்துக்கு எப்போதும் ஒரே குறைதான். வேகமாகப் பேசுகிறார்.

போன வருடம் மெதுவாகப் பேசினார். அப்போதும் அதையே சொன்னார்கள். இந்த வருடம் இன்னும் மெதுவாகப் பேசிப் பழகியிருக்கிறார், வீட்டிலும்.

"பால் பொங்குதுன்னு... நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள... அடுப்பே அணைஞ்சு போயிடுதாம். வீட்டுல கிண்டல் பண்றா" என்றார். சிரிக்கவில்லை.

இந்த முறையும் குறை வந்தால் பாடத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருந்தார். முதல் வரியிலிருந்து கடைசிப் படம்வரை சாரே எழுதி வரைந்த பாடம்.

காரணம் எனக்குத் தெரியும். மாணவர்கள் எந்த வேகத்தில் வீடியோவை ஓட்டுகிறார்கள் என்பதை நேற்றுத்தான் கணினியில் பார்த்தேன். முதலில் ஒன்றரை மடங்கு. சார் மெதுவாகப் பேச ஆரம்பித்ததும் இரண்டு மடங்கு. கூட்டி வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அப்புறம் சாரைக் குறை சொல்கிறார்கள்.

காலையிலிருந்து வாய்வரை வந்து வந்து திரும்பிப் போன விஷயம். கேமராவை நிறுத்திவிட்டு, தரையைப் பார்த்தபடி ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"அப்போ... தப்பு என் மேல இல்லையாம்மா?"

"இல்லவே இல்ல சார். நீங்க எப்பவும் பேசுற மாதிரியே பேசுங்க."

மறுபடி கேமராவை ஓட்டினேன்.

சார் பேசினார். உப்பிலிருந்து அமிலத்துக்குத் தாவினார், அங்கிருந்து எங்கேயோ போனார், நடுவில் ஒரு ஜோக் சொல்லித் தானே சிரித்தார், பாதி எழுதிய சமன்பாட்டை அழித்து மேலேயே இன்னொன்று எழுதினார். மூச்சு வாங்க நின்றபோது முகமெல்லாம் வியர்வை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"எப்படிம்மா?"

நானும் வேதியியல்தான் படித்தவள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"பிரமாதம் சார்" என்றேன்.

அவர் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, வீடியோவை முக்கால் வேகத்துக்கு இறக்கினேன்.