நாலாவது சேய்

"லேட்டு! மைதானத்தை மூணு சுத்து!"

பள்ளி வாசல் மெஷினில் லேட்டாக அட்டையை வைத்தால் தலைமையாசிரியர் குரல் இப்படித்தான் முழங்கும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இடி. அந்தக் குரலில் நான் ஒருமுறை பேசப்போக, வாட்ச்மேன் எழுந்து சல்யூட்டே அடித்திருக்கிறார்.

எங்கள் வகுப்பில் தினமும் கடைசியாக வரும் நெட்டை மட்டும் ஒருநாளும் சுற்றியதில்லை.

"இடிக்குச் சொந்தக்காரன்டா," என்றான் என் கூட்டாளி குண்டு.

அன்று கம்ப்யூட்டர் சார் அந்த மெஷினின் புரோகிராமையே திரையில் காட்டிப் பாடம் நடத்தினார்.

"புரோகிராம்ல ஒவ்வொரு வகைக்கும் எழுதுற விதித்தொகுப்புக்குப் பேர் கிளாஸ். இதுல 'மாணவன்'தான் தாய்க் கிளாஸ். லேட்டா வந்தா என்ன செய்யணும்னு இதுல ஒரே தடவைதான் எழுதியிருக்கேன். இதுக்குப் பிறந்த பஸ் மாணவன், சைக்கிள் மாணவன், நடை மாணவன், எல்லாச் சேயும் அதை அப்படியே வாங்கிக்கும்."

"பெத்தவ பேச்சைக் கேக்காத சேய் இருந்தா, சார்?" என்றேன்.

"உன்னை மாதிரியா? அதே பேர்ல தனக்குன்னு வேற எழுதிக்கிட்டா, அந்தச் சேய் வரைக்கும் தாய் சொன்னது செல்லாது."

சார் போன் பேச வெளியே போனார். திரையை இன்னும் கீழே இறக்கினேன்.

நாலாவதாக ஒரு சேய்! 'லேட்' கட்டளைக்கு அதில் வேறொரு குரல் பதிவு. உள்ளே ஒரே ஒரு அட்டை எண். நெட்டையுடையது.

"அடப்பாவி! உனக்கு மட்டும் இடி என்ன சொல்றார்னு நாளைக்கு எல்லாரையும் கேக்க வெச்சு மானத்தை வாங்குறேன் பாரு," என்று என் அட்டை எண்ணையும் அதில் சொருகினேன்.

மறுநாள் வேண்டுமென்றே லேட். லேட்டான கும்பலையெல்லாம் குண்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்தான். மாப்பிள்ளை நடை நடந்து வந்து, இடியின் குரலில், "எல்லாரும் கவனி!" என்று அட்டையை வைத்தேன்.

மெஷினிலும் அதே இடிதான். ஆனால் தூறல் மாதிரிப் பேசினார்.

"வாப்பா. அம்மாவுக்கு மருந்து குடுத்துட்டியா? நீ ஏதாவது சாப்பிட்டியா? மெதுவாவே போ, டீச்சர்கிட்ட நான் சொல்லியிருக்கேன்."

திரும்பினால், பின்னால் கையில் அட்டையோடு நெட்டை. முகத்தில் ரத்தமே இல்லை.

"டேய், யார் அம்மாவுக்குடா?" என்றது கும்பல்.

"எங்கம்மாவுக்குத்தான்டா. படுத்த படுக்கை," என்றேன், அன்று காலை துடைப்பத்தோடு என்னைத் தெருமுனை வரை துரத்திய அம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டபடி.