பொன் ரோஜா

பிழிகிறவரின் மனதைக் காட்டும் ஐசிங் கடைக்கு வந்ததிலிருந்து, தூத்துக்குடியில் ஜெசிந்தா வீட்டு கிறிஸ்துமஸ் கேக் அலங்காரம் பெரிய பரீட்சையாகிவிட்டது. பாசம் இருந்தால் பொன்னிறம், எரிச்சல் இருந்தால் பச்சை. அதுவும், கேக் யாருக்கோ அவர் கண் முன்னாலேயே பிழிய வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம்.

போன வருஷம் நாத்தனார் அமலோற்பவத்தின் கேக்கில் ஜெசிந்தா வைத்த ரோஜாக்கள் அத்தனையும் வெண்டைக்காய்ப் பச்சை. பதிலுக்கு நாத்தனார் பிழிந்ததும் அதே பச்சைதான். வீடே சிரித்தது.

இந்த வருஷம் ஜெசிந்தா தயாராக இருந்தாள். ஐசிங் கோனைக் கையில் எடுத்ததும், தன் பூனை பட்டாணி வயிற்றைக் காட்டிப் புரள்வதை நினைத்துக்கொண்டே பிழிந்தாள். தகதகவென்று பொன் ரோஜா! அடுத்து நாத்தனார் பிழிந்தாள். அதுவும் பொன்! மாமியாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பாத்திரம் கழுவும்போது நாத்தனார் மெல்லக் கேட்டாள். "உண்மையைச் சொல்லு ஜெசி, எதை நினைச்சுப் பிழிஞ்ச?"

"கோவிச்சுக்காதீங்க மைனி. எங்க பட்டாணியை."

"அடிப்பாவி! நானும் உங்க பட்டாணியைத்தான்டி!"

சிரித்த சிரிப்பில், குப்பையில் போட ஜெசிந்தா கையில் எடுத்திருந்த கோன் நசுங்கி, மிச்ச ஐசிங் நாத்தனார் மூக்கில் போய் அப்பியது. அதை விரலால் வழித்துப் பார்த்தாள் அவள். சுத்தப் பொன்.

"இதுவும் பூனைதானா?"

"இல்ல மைனி," என்றாள் ஜெசிந்தா, மூச்சு வாங்க. "இது உங்க மூஞ்சியைப் பார்த்து வந்தது."