அழுக்கு தெரியாத சட்டை

கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன்.

ரோடு போடும் இடத்தில் மண் சுமந்த கழுதைக்கு, புழுதியில் ரோலர் தன்மேல் ஏறிவிடுமோ என்று தினமும் பயம். பாதுகாப்புச் சட்டை வாங்க அணிலோடு கடைக்குப் போனது. போயும் மண் நிறத்தில்தான் எடுத்தது.

“அழுக்கு தெரியாதுல்ல!”

“நீயும் தெரிய மாட்டியே, அண்ணே!” என்ற அணில், அந்தச் சட்டையை ரோலர் வரும் பாதையில் விரித்தது. ரோலர் அதன்மேலேயே ஏறிப் போய், “ஏதாவது கிடந்துச்சா?” என்றது.

கழுதை திரும்பக் கடைக்கு ஓடிப்போய், ஒளிப்பட்டை வைத்த ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தது. ரோலர் தூரத்திலேயே நின்று, “ஓரம் போடா, எருமை!” என்று கத்தியது. அந்த வசவைக் கேட்டதும்தான் கழுதைக்கு உயிரே வந்தது.

“மெத்தைக்கு ஆகும், அழுக்கு தெரியாது” என்று நசுங்கிய சட்டையை அணில் தன் பொந்துக்கு இழுத்துக்கொண்டு போனது.