போலாரம் பங்களா: பாகம் 7

“ஆறு படம் எடுத்து என் வீட்டைப் பேய் பங்களான்னு ஊரெல்லாம் பேச வெச்சே. இப்ப ஏழாவதா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

டைரக்டர் சாய்கிருஷ்ணா நீட்டிய பழத்தட்டைக்கூட வாங்காமல் பொரிந்து தள்ளினாள், அந்தப் பங்களாவில் தனியாக வசிக்கும் கிரிஜா.

“கோபப்படாதீங்க ஆன்ட்டி. உங்க வீட்டுப் பேரைக் காப்பாத்தத்தான் இந்தப் படமே. க்ளைமாக்ஸ்ல பேய் சாந்தியாகி வீட்டை விட்டே போயிடுது.”

“நக்கோ, வேணவே வேணாம்! அதைக் கேள்விப்பட்டுத்தானே கொதிக்கிறேன்!”

“ஏன் ஆன்ட்டி?”

“இந்தத் தெருவுல தனியா இருந்தவங்க வீட்டையெல்லாம் ரௌடிங்க மிரட்டிப் பிடுங்கிட்டானுங்க. என் கேட்டை மட்டும் ஒருத்தனும் தொடலை. போலீசுக்கா பயந்தானுங்க? உன் பேய்க்குத்தான்! அதைத் துரத்திட்டு, காவலுக்கு நீ வந்து நிப்பியா?”