கரை முடிகிற மட்டும்

மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் கண்மாய்க்கரையில் ஏறியதும் மேளம் நின்றது. தவில்காரர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார். நாயனக்காரர் மருதப்பன் மட்டும் நாயனத்தை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஊதாமல், வெறும் விரல்களாலேயே துளைகளின் மேல் கல்யாணி ராகத்தை வாசித்துக்கொண்டு நடந்தார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் சோலைமலைக்கு முகம் சுண்டிவிட்டது. “என்ன சம்பந்தி, நல்ல காரியத்துல மேளத்தை நிறுத்திப்புட்டீங்க?”

“வெளிநாட்டுப் பறவைக வந்து எறங்குற மாசம். கரை முடியிற மட்டும் சத்தம் போட மாட்டோம்” என்றார் பெண்ணின் அப்பா வீரணன்.

“எங்கய்யா இருக்கு பறவை? ஒத்தக் கொக்கைக்கூடக் காணோம்!”

“மூணு வருசமா வரலதான். தண்ணி இல்ல. இந்த வருசம் நெறஞ்சு கெடக்கு. வர்ற நேரத்துல நாம கொட்டிக்கிட்டுப் போனா?”

சோலைமலை முணுமுணுத்தபடியே நடந்தார். அவ்வளவு கூட்டத்திலும், கல்யாணத்துக்கென்று அவர் வாங்கிய தோல்செருப்பு மட்டும் கிரீச் கிரீச்சென்று கத்திக்கொண்டே வந்தது.

பாதிக் கரையில் அவர் சட்டென்று நின்றுவிட்டார். கருவேல மரங்களுக்கு மேலே ஒரு சாம்பல்நிறப் பறவை வட்டமடித்தது. காலைத் தொங்கவிட்டது, மறுபடி மடக்கிக்கொண்டது. இறங்கலாமா என்று பார்ப்பதுபோல் இன்னொரு சுற்று வந்தது. பின்னால் கூட்டமும் நின்றது. மருதப்பனின் விரல்கள்கூட நின்றுவிட்டன.

சோலைமலை மெல்லக் குனிந்தார். செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெருஞ்சி முள் கிடந்த கரையில் வெறுங்காலோடு அடுத்த அடியை வைத்தார்.