டர்போ ஆறும் வரை

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் லாரியைக் கொண்டுவந்து நிறுத்திய ஜெரோம், இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை.

"காது கிழியுது. ஆஃப் பண்ணுடா" என்றார் ஏட்டு சம்பத்.

"முடியாது சார். செய்யூர்லேர்ந்து சவுக்கு லோடோட வரேன். இன்ஜினுக்குக் காத்து ஊதுற டர்போ நெருப்பாக் கொதிக்குது. டக்குனு நிறுத்தினா அதுக்கு ஆயில் போவாது, பேரிங் கருகிடும். மூணு நிமிஷம் சும்மா ஓடணும்."

"உள்ள ஐயா கத்துறாரு."

"யாரு கத்தினாலும் மூணு நிமிஷம்."

"கம்ப்ளைண்ட் குடுக்க வந்தவனுக்கு இன்னா திமிரு பாரு."

ஜெரோம் வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்று நிமிஷம் முடிந்ததும் இன்ஜினை அணைத்து, இறங்கி, சாவியை நீட்டினான்.

ஏட்டு முறைத்தார். "சொந்த வண்டின்ற கொழுப்பா?"

"மொதலாளி வண்டி சார். காத்தாலதான் திருடிகினு வந்தேன். பத்து வருசத்து இன்ஜின். இழுவை கூடணும்னு அதுக்கு டர்போ பூஸ்ட் ஏத்த மெக்கானிக்க இட்டாந்துட்டாரு. சூடு தாங்காது, பிஸ்டன் உருகிடும்னேன், கேக்கல. என்னை உள்ள வெச்சுக்கோங்க. கேஸ் முடியிற வரைக்கும் வண்டி இங்கதான நிக்கும்? எவனும் அதுல ஸ்பேனர் வெக்க முடியாதுல்ல?"