கொம்பு வம்சம்

இந்தக் கதையை எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்கள் என்பது அவருக்கே நினைவில்லை. கேட்டபடி எழுதுகிறேன்.

மீன்கள் திரியும் குளத்தில் தண்ணீர்த்தெள்ளு என்னும் கடுகளவு நீர்வாழ் சிற்றுயிர் ஒன்று இருந்தது. பெயர் கொம்பாயி. அதன் தலையில் கூரான கொம்பு இருந்ததால், விழுங்கிய மீன் தொண்டை குத்தித் துப்பிவிடும். ஒருநாள் யாரோ குளத்து நீரை மொண்டு, மீனே இல்லாத தொட்டியில் ஊற்றினார்கள். கொம்பாயியும் அதோடு வந்து விழுந்தது.

தொட்டியில் இருந்த மொட்டைத்தலைத் தெள்ளுகளில் ஒன்று பாசியைக் காட்டி, "வாங்க அக்கா, சாப்பிடுங்க" என்றது.

"யாருடி உனக்கு அக்கா? நாங்க கொம்பு வம்சம். மொட்டைங்க வாய் வச்ச பாசியை நான் தொடமாட்டேன்."

பாசி அடர்ந்த மூலையைக் கொம்பாயி தனக்கென்று வைத்துக்கொண்டது. மொட்டைத்தலைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டது.

சில நாட்களில் கொம்பாயி பத்துப் பிள்ளைகள் பெற்றது. பத்தும் மொட்டை.

"பிள்ளைங்க பசியில துடிக்குதுங்க. எந்தப் பக்கம் சாப்பிடணும் அக்கா?" என்று மொட்டைத்தலை பணிவாகக் கேட்டது.

கொம்பாயி பத்துத் தலைகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. பிறகு சொன்னது: "இதுங்களுக்குக் கொம்பு இனிமேதான் முளைக்கும். அதுவரைக்கும் உன் பக்கமே இருக்கட்டும்."

பின்னர் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். சிலவகைத் தண்ணீர்த்தெள்ளுகளில் கொம்புள்ளதற்கும் இல்லாததற்கும் மரபணுக்கள் ஒன்றேதான். தண்ணீரில் மீன் வாடை இருந்தால் கொம்பு வளரும்.